குப்பையும் பிழையும் ஒன்றல்ல

நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசிக்க முடிந்தவர்கள் வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் நாளைக்கு வாசித்துவிட்டுத் திட்டுங்கள். வாசிக்காமல் மட்டும் திட்டாதீர்கள்.

போன கிழமை நான் போட்ட ஒரு சின்னப் பதிவுக்குக் கீழே நடந்த சண்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் என் மாணவன் ஒருவன், இரண்டு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டுவதற்குப் பைதனில் ஒரு நிரல் எழுதியிருக்கிறான். 40, 35 என்று கொடுத்தால் 75 வர வேண்டும். வந்ததோ 4035. இரவு பதினொரு மணி. சேரை எழுப்பக் கூடாது என்று நினைத்து, கணினித் திரையை ஃபோனில் படமெடுத்து, "மை புரோகிராம் நொட் வேர்க்கிங், அர்ஜன்ட், பிளீஸ் ஹெல்ப்" என்று ஒரு கேள்வி பதில் தளத்தில் போட்டுவிட்டான். தளத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. பத்து நிமிடத்துக்குள் கேள்வி மூடப்பட்டது. போதாததற்கு இரண்டு கழித்தல் வாக்குகள்.

அடுத்த நாள் காலைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து ஃபோனை நீட்டினான். "சேர், எனக்கு இங்கிலீஷ் வராதென்றா பூட்டினாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் அப்படியே முகநூலில் போட்டேன். அதற்கு வந்த பின்னூட்டங்கள் இரண்டே வகை. ஒரு பக்கம், "இந்த மொடரேட்டர்மார் எல்லாம் குட்டிச் சர்வாதிகாரிகள், வெள்ளைக்காரத் திமிர்." மறுபக்கம், நம்முடைய ஊர்ப் பிள்ளைகளே, கொழும்பிலும் வெளிநாட்டிலும் நல்ல வேலையில் இருப்பவர்கள், "கூகுளில் தேடத் தெரியாதவன் எல்லாம் ஏன் சேர் கோடிங் படிக்கிறான்?"

இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. இரண்டு தரப்பும் பிழை. நானும் பிழை விட்டிருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

முதலில் "சர்வாதிகாரிகள்" என்று எழுதிய தம்பிமாருக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நிரலாக்கர்கள் கூடும் எந்தத் திறந்த இடமானாலும் அங்கே கேள்வி கேட்க வருகிறவர்கள் மட்டும் வருவதில்லை. வீசா எடுத்துத் தருகிறவன் வருவான். பத்து நாளில் உடம்பு இளைக்க மருந்து விற்கிறவன் வருவான். விமானக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவை இலக்கம் என்று மோசடிக்காரனின் இலக்கத்தைப் போடுகிறவன் வருவான். தன் இணையத்தளம் கூகுளில் மேலே வர வேண்டும் என்பதற்காக, உருப்படியான பதில் போல நாலு வரி எழுதி ஐந்தாவது வரியில் லிங்க் ஒளித்து வைக்கிறவனும் வருவான். இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நாம் தூங்கும் நேரத்திலும் நடக்கிறது.

இதையெல்லாம் யார் கூட்டி அள்ளுகிறார்கள்? ஸ்டெக் ஓவர்ஃப்ளோவை எடுப்போம். 2008இல் ஜெஃப் அட்வூட், ஜோயல் ஸ்பொல்ஸ்கி இருவரும் தொடங்கிய தளம். அங்கே மொடரேட்டர்கள் தேர்தல் வைத்துத் தெரிவு செய்யப்படுகிறவர்கள். சம்பளம் ஒரு சதமும் இல்லை. அவர்களைத் தவிர "சார்கோல்" என்றொரு தன்னார்வக் குழு இருக்கிறது. புதிதாக வரும் இடுகைகளைப் பார்த்து ஸ்பாமை மணம் பிடிக்கும் ஒரு நிரலை அவர்கள் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். "ஸ்மோக் டிடெக்டர்" என்று பெயர். அது மணியடித்தால் மனிதர்கள் வந்து பார்த்துக் கொடி காட்டுவார்கள். ஆறு பேர் "இது ஸ்பாம்" என்று கொடி காட்டினால் இடுகை தானாக நீங்கும், போட்டவனின் புள்ளியில் நூறு குறையும் என்பது அங்கே பல வருடமாக இருந்த விதி. இவ்வளவும் இலவச உழைப்பு. நீங்கள் அங்கே போய்ப் பதில் தேடும்போது வீசாக்காரன் கண்ணில் படவில்லை என்றால், முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் நித்திரையைக் குறைத்துக்கொண்டு அதை அள்ளிப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று. அங்கே கேள்விகளை மூடுவது பெரும்பாலும் மொடரேட்டர்களே அல்ல. 3000 புள்ளி சேர்த்த எவரும் மூடச் சொல்லி வாக்களிக்கலாம். முன்பு ஐந்து வாக்குகள் வேண்டும். 2019இல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஆகவே நீங்கள் திட்டும் சர்வாதிகாரி, பெரும்பாலும் உங்களைப் போல ஒரு சாதாரணப் பயனர்தான்.

பாடசாலையில் சிரமதானம் என்றால் முக்கால்வாசிப் பேர் படம் எடுக்க வருவார்கள், கால்வாசிப் பேர் விளக்குமாறு பிடிப்பார்கள். நான் பேசுவது அந்தக் கால்வாசியைப் பற்றி. அவர்களை ஒரே சொல்லில் தூக்கி எறியாதீர்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? குப்பை போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் வந்தது.

2020 ஒக்டோபர். கொரோனா இரண்டாவது அலை, பாடசாலைகள் மூடிக் கிடந்தன. டிஜிட்டல் ஓஷன் என்ற கம்பனி 2014 முதல் ஒவ்வொரு ஒக்டோபரும் "ஹக்டோபர்ஃபெஸ்ட்" என்றொரு நிகழ்ச்சி நடத்திவந்தது. திறந்த மூல மென்பொருள்களுக்கு உதவி செய்கிறவர்களை ஊக்குவிப்பதுதான் நோக்கம். அந்த வருடம் நான்கு திருத்தக் கோரிக்கைகள், அதாவது நிரலாக்கர்கள் புல் ரிக்குவெஸ்ட் என்று சொல்கிறார்களே, அவற்றை அனுப்பினால் ஒரு டீ-ஷேர்ட். முதல் 70,000 பேருக்கு. அதே நேரம் யூடியூபில் பிரபலமான ஒரு வீடியோ, இதை எப்படி லேசாகச் செய்வது என்று காட்டிக் கொடுத்தது. யாருடையதாவது ஒரு திட்டத்துக்குப் போ, அதன் அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர், அனுப்பிவிடு.

நானும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேனா? என் மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பிள்ளைகளே, சர்வதேச மட்டத்தில் பங்களிப்பு, டீ-ஷேர்ட்டும் வரும், முயற்சி செய்யுங்கள்" என்று. வீட்டில் அடைபட்டுக் கிடந்த பதினொரு பிள்ளைகள் உற்சாகமாகச் செய்தார்கள். ஒருத்தி, யாரோ ஒருவருடைய திட்டத்தின் பெயருக்கு முன்னால் "அமேசிங்" என்ற சொல்லைச் சேர்த்து அனுப்பியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் அந்தத் திட்டத்தை நடத்துகிறவர் அவளுடைய கோரிக்கையை மூடிவிட்டு ஒரு வரி எழுதியிருந்தார். திட்டவில்லை. இன்று காலையிலிருந்து இதே மாதிரி முப்பதுக்கு மேல் மூடிவிட்டேன், உனக்கு இதை யார் சொல்லித் தந்தது என்று மட்டும் கேட்டிருந்தார். அவள் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்பினாள். "சேர், இவருக்கு என்ன பதில் போடுற?"

பதில் நான்தான். ஆசிரியர் ஒருவர் சொல்லித் தந்தார் என்பதுதான் உண்மையான பதில். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதருக்கும் எழுதச் சொன்னேன், என் பெயரைப் போட்டே.

உலகம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. தொடங்கி மூன்றாவது நாளே, ஒக்டோபர் 3ஆம் திகதி, அவர்கள் விதியை மாற்றினார்கள். விரும்பிக் கேட்கும் திட்டங்களுக்கு அனுப்பினால்தான் இனிக் கணக்கு. 2023இல் டீ-ஷேர்ட்டையே நிறுத்திவிட்டு டிஜிட்டல் பட்ஜ் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு துணித் துண்டுக்காக எத்தனை ஆயிரம் மனிதர்களின் மாலை நேரத்தை நாம் தின்றோம்!

குப்பை என்றால் வீசாக்காரன் போடுவது மட்டுமல்ல. நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தோடு, புள்ளிக்காகவும் சான்றிதழுக்காகவும் போடுவதும் குப்பைதான். பெறுகிறவரின் நேரம் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் போகிறது.

இனி மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். "தேடத் தெரியாதவன் ஏன் கோடிங் படிக்கிறான்" என்று எழுதிய பெரியவர்களே, நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து இருங்கள்.

குப்பை அள்ளுகிறவனுக்குக் கை வலிக்கும், கோபம் வரும், விளங்குகிறது. அதற்காக ஒரே விளக்குமாற்றால் குப்பையையும் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டலாமா? பரீட்சைத் தாள் திருத்துகிறவன் நான். பிழையான விடை எழுதியவனுக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பூச்சியம். பார்த்து எழுதியவனுக்குத் தாளே ரத்து. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற ஆசிரியரை எந்தப் பெற்றோராவது ஏற்றுக்கொள்வார்களா? லிங்க் விற்க வந்தவன் களவாக எழுதுகிறவன். 4035 வந்த என் மாணவன் பிழையாக எழுதியவன். ஒருவனைத் தடுக்க வேண்டும், மற்றவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2018 ஏப்ரலில் ஸ்டெக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. புதியவர்களுக்கும் பெண்களுக்கும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் தங்கள் தளம் வரவேற்புள்ள இடமாக இல்லை, மாற வேண்டும் என்று எழுதினார்கள். பத்து வருடம் கழித்து வந்த ஞானம். அதற்குள் எத்தனை பிள்ளைகள் "எனக்கு இது சரிவராது" என்று மடிகணினியை மூடியிருப்பார்கள்?

மொழி விடயமும் இருக்கிறது. ஸ்டெக் ஓவர்ஃப்ளோவுக்கு ஸ்பானிய, போர்த்துக்கேய, ரஷ்ய, ஜப்பானிய மொழிகளில் தனித்தனித் தளங்கள் உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் இல்லை. பதின்மூன்று வருடம் தமிழ் மொழிமூலம் படித்து, மாறி, சரம், முழுவெண் என்று தமிழில் விளங்கிய பிள்ளை, கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். அவன் "அர்ஜன்ட் பிளீஸ்" என்று எழுதுவது அவசரப்படுத்த அல்ல. அவனிடம் இருக்கிற மரியாதைச் சொற்கள் அவ்வளவுதான். அதை அதிகாரமாக வாசிக்கிறவருக்கு அவன் நிலை தெரியாது. தெரியாதது குற்றமில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியுமே! நீங்களும் அதே வாங்கில் இருந்துதானே எழும்பிப் போனீர்கள்?

இப்போது நடந்ததன் மீதிப் பாதியைச் சொல்கிறேன். போன கிழமைப் பதிவில் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

அந்த மாணவனின் கேள்வியை மூடியவர்கள் சும்மா மூடவில்லை. "இதே கேள்விக்கு முன்பே விடை இருக்கிறது" என்று ஒரு லிங்க்கும் கொடுத்திருந்தார்கள். அதை நானே போய்த் திறந்து பார்த்தேன். பைதனில் விசைப்பலகையிலிருந்து வாங்குவது எல்லாம் சரமாகத்தான் வரும், எண்ணாக மாற்றினால்தான் கூட்டலாம் என்று அங்கே அழகாக விளக்கியிருந்தது. அவனுக்குத் தேவையான விடை ஒரு சொடுக்குத் தூரத்தில் இருந்திருக்கிறது. அவன் கண்ணில் பட்டதோ "மூடப்பட்டது" என்ற சொல்லும் இரண்டு கழித்தல் குறியும் மட்டும். கை நிறையக் கொடுத்தார்கள், கன்னத்தில் அறைந்துகொண்டே கொடுத்தார்கள். அறை மட்டும்தான் நினைவில் நின்றது.

ஆகவே ஆங்கிலம் வராததால் பூட்டவில்லை. ஆனால் அப்படித்தான் என்று பதினேழு வயதுப் பிள்ளை நினைக்கும் விதத்தில் பூட்டினார்கள். "இதோ உன் விடை, இங்கே போய்ப் பார்" என்று எழுத எத்தனை வினாடி ஆகும்?

அடுத்தது, பயனர்களின் குரலைக் கேட்பது. இதிலும் இரண்டு பக்கமும் பிழை இருக்கிறது.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. சில நாட்களிலேயே ஸ்டெக் ஓவர்ஃப்ளோ அதில் எழுதிய பதில்களால் நிரம்பியது. டிசம்பர் 5ஆம் திகதி மொடரேட்டர்கள் தடை போட்டார்கள். பார்க்க நல்ல பதில் போல இருக்கும், பிழையாக இருக்கும், சரிபார்க்கப் பல மடங்கு நேரம் போகும் என்பதே காரணம். சரியான முடிவு. ஆனால் 2023 மே மாதக் கடைசியில் நிறுவனம், அப்படியான பதில்களை அகற்றும் அவர்களது கையை ஏறத்தாழக் கட்டிப்போட்டது. கூட்டுகிறவர்களைக் கலந்தாலோசிக்காமலே. ஜூன் 5ஆம் திகதி மொடரேட்டர்களும் சார்கோல் குழுவும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓகஸ்டில்தான் சமரசம் வந்தது. அந்தத் தளம் 2021இல் 1.8 பில்லியன் டொலருக்கு விலைபோனது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பெறுமதியை உண்டாக்கியவர்கள் பதில் எழுதியவர்களும் குப்பை அள்ளியவர்களும். அவர்கள் பேச்சைக் கேட்க வைக்க வேலைநிறுத்தம் தேவைப்பட்டது என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

சரி, பயனர் சொல்வதையெல்லாம் கேட்டால் போதுமா? அதுவும் இல்லை. "எக்ஸ்-இசட்" என்று ஒரு சுருக்க மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் ஓடும் கணினிகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும். அதைப் பல வருடமாகப் பராமரித்தவர் லாசே கொலின் என்ற ஒரு மனிதர், ஊதியம் இல்லாமல். 2022இல் சில கணக்குகள் அவரை விடாமல் நெருக்கின. வேலை மெதுவாக நடக்கிறது, உன்னால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று. தனக்கு மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில், உதவ வந்த ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தார். அந்த "உதவியாளர்" 2024இல் உலகத்தின் சேவைக் கணினிகளுக்குள் கள்ள வழியாக நுழைய ஒரு பின்கதவை அதில் வைத்தார். அன்ரஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் போகிறதே என்று கிண்டிப் பார்த்ததால் மார்ச் 29ஆம் திகதி விடயம் வெளியே வந்தது. நெருக்கிய அந்தக் கணக்குகளே போலி என்றுதான் பலரும் நம்புகிறார்கள்.

"நாங்கள் பயனர்கள், எங்களுக்கு உரிமை இருக்கிறது" என்ற வசனத்தைப் பயன்படுத்தி ஒரு தனி மனிதனை உடைத்திருக்கிறார்கள். கருத்துச் சொல்வது வேறு, கழுத்தை நெரிப்பது வேறு.

கேர்ள் என்ற மென்பொருளின் டேனியல் ஸ்டென்பர்க் நிலையும் இப்படித்தான். பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடித்துச் சொன்னால் பணப் பரிசு என்று 2019 முதல் ஒரு திட்டம் வைத்திருந்தார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இல்லாத குறையை இருப்பதாக எழுதிப் பரிசு கேட்கிறவர்கள் குவிந்தார்கள். தாங்க முடியாமல் 2026 ஜனவரியோடு பரிசையே நிறுத்திவிட்டார். உண்மையாக உழைத்துக் குறை கண்டுபிடிக்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு மூடப்பட்டது. குப்பை போடுகிறவன் களவாடுவது மொடரேட்டரின் நேரத்தை மட்டுமல்ல. அடுத்து வரப்போகும் புதியவனின் வாய்ப்பையும்தான்.

இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. குப்பை கூடக் கூடக் காவல்காரன் இறுகிப் போகிறான். இறுகிப்போன காவல்காரனின் முன்னால் போய் நிற்பது வீசாக்காரன் அல்ல. அவன் நூறு கணக்கு வைத்திருக்கிறான், ஒன்று போனால் இன்னொன்று. அங்கே போய் அடிவாங்குவது ஒரே ஒரு கணக்கும் ஒரே ஒரு கேள்வியும் வைத்திருக்கிற, ஓட்டமாவடியிலும் கிண்ணியாவிலும் முசலியிலும் இருக்கும் பிள்ளை.

ஆகவே சக ஐ.சி.டி. ஆசிரியர்களிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன்.

ஒன்று. "எத்தனை பதிவு போட்டாய், எத்தனை சான்றிதழ் எடுத்தாய்" என்று எண்ணிப் புள்ளி கொடுப்பதை நிறுத்துங்கள். எண்ணத் தொடங்கிய நாளில் குப்பை தொடங்குகிறது. 2020இல் நான் செய்த பிழை அதுதான்.

இரண்டு. கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பாடத்திட்டத்தில் இல்லை, தெரியும். ஒரு பாடவேளை போதும். படம் எடுத்துப் போடாதே, நிரலை எழுத்தாகப் போடு. பிரச்சினை வரும் நாலு வரியை மட்டும் வெட்டியெடு. என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது, என்னென்ன முயன்றாய் என்று மூன்று வரி எழுது. ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் இந்த மூன்றும் இருந்தால் யாருக்கும் விளங்கும். சாட்ஜிபிடி தந்ததை நீ ஓட்டிப் பார்க்காமல் இன்னொருவருக்குப் பதிலாகக் கொடுக்காதே.

மூன்று. நம்முடைய வட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களின் அட்மின்களும் மொடரேட்டர்கள்தான். ஸ்பாமை ஒரு வார்த்தை பேசாமல் அழியுங்கள். பிள்ளையின் கேள்வியை அகற்ற வேண்டியிருந்தால் காரணத்தை ஒரு வரியில் அவனுக்கு எழுதுங்கள். உங்கள் முடிவு பிழை என்று யாராவது சொன்னால், அவரைக் குழுவிலிருந்து தூக்குவதற்கு முன் ஒரு தடவை வாசியுங்கள்.

அந்த மாணவன் கதையை முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தினேன். கேள்வியைத் திருப்பி எழுது என்றேன். இருபத்தாறு வரி நிரலை வெட்டி வெட்டி நாலு வரிக்குக் கொண்டு வந்தான். என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று எழுதிக்கொண்டு போகும்போது நடுவில் பேனையை வைத்துவிட்டான். "சேர், இது 40ஐயும் 35ஐயும் கூட்டல்ல, பக்கத்தில பக்கத்தில ஒட்டி வெச்சிருக்கு." யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு அந்த மூடப்பட்ட பக்கத்தை மறுபடி திறந்து, அவர்கள் கொடுத்திருந்த லிங்க்கை முதன்முறையாக வாசித்தான். வாசித்துவிட்டு, விடை எழுதியவருக்கு ஒரு நன்றி வாக்குப் போடப் பார்த்தான். புள்ளி போதாது, போட முடியாது என்று வந்தது. சிரித்துக்கொண்டே போனான்.

கீழே திட்ட விரும்புகிறவர்கள் திட்டலாம், அழிக்க மாட்டேன். வீசா எடுத்துத் தருகிறவர்கள் லிங்க் போட்டால் மட்டும் அழிப்பேன், காரணமும் சொல்ல மாட்டேன்.